தஸ்பான் பூட்டிவைத்த சுதி

தஸ்பானைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆர்கன்காரர்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஆண்டு விழா மலராம். அவன் என் ஸ்டூடியோவில்தான் அதிகம் வாசித்திருக்கிறானாம், ஆகவே நான்தான் எழுத வேண்டுமாம். "நல்ல வார்த்தை வேணும்னா வேற வீடு பாருங்க" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடைசியில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மலரில் போட்டாலும் சரி, மீன் மடித்தாலும் சரி என்று சொல்லி அனுப்பினேன்.

என் பெயர் சர்கினி. இந்த்ராமாயு என்கிற எங்கள் கடற்கரை ஊரில் நெல் மில்லுக்குப் பின்னால் இருக்கிற ரெக்கார்டிங் ஸ்டூடியோ என்னுடையது. தைவானில் அடுத்தவன் வீட்டுக் கிழவரைக் குளிப்பாட்டிச் சம்பாதித்ததில் மற்ற பெண்கள் டைல்ஸ் போட்ட வீடு கட்டினார்கள், நான் கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்கினேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு தங்கள் மகளைப் பாட வைக்க என் வாசலில்தான் வந்து செருப்பைக் கழற்றினார்கள். வஸ்னிதி என் தங்கை. அவள் பாடினால் கல்யாண வீட்டில் தட்டில் சோறு ஆறிப்போகும், ஒருத்தர் கை வைக்க மாட்டார்கள்.

தஸ்பான் யாரென்றால், காராங்சோங் மீன்பிடித் துறையில் ஏலம் கூவுகிற வர்யாவின் மகன். அப்பனுக்கு மீனை விற்கிற வாய், மகனுக்கு ஆளைக் கடிக்கிற வாய். படிப்பு ஏறவில்லை. கல்யாணக் கச்சேரிக் குழு ஒன்றில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனான். ஆர்கன் வாசிப்பவர் சாப்பிட எழுந்தால் போதும், இவன் போய்க் கட்டைகளைத் தடவ ஆரம்பித்துவிடுவான். அந்த மனுஷன் கை கழுவி வருவதற்குள் ஒரு பாட்டைப் பிடித்திருப்பான். பிறகு பாண்டுங் நகரத்தில் ஏதோ ஒரு ஹோட்டல் பார் மூடியபோது அங்கே கிடந்த பழைய சிந்தசைசரைப் பேசி எடுத்து, பஸ் கூரையில் போர்வை சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தான். ஊரில் எல்லாரும் அதை ஆர்கன் என்றுதான் சொல்வார்கள். அவன் காதில் விழுந்தால் சண்டைதான். "ஆர்கன் உங்கப்பன் வீட்ல இருக்கும்யா. இது சிந்தசைசர். இதுல சத்தத்தை நான் செய்யறேன், கடையில வாங்கல" என்பான்.

செய்தான் என்பது உண்மை. அதை இல்லையென்று சொன்னால் என் காதுக்கே அடுக்காது. எங்கள் கடற்கரைப் பாட்டுக்கு வெளிநாட்டுப் பெட்டியின் சுரம் ஒத்துவராது. எங்கள் பாட்டு பொம்மலாட்டக் குழுக்களின் வெண்கல வாத்தியங்களோடு வளர்ந்தது, அதில் ஊருக்கு ஒரு சுதி. ஒரு ஊர் வெண்கலத்தை இன்னொரு ஊர் வெண்கலத்தோடு சேர்த்துத் தட்டினால் பல் கூசும். தஸ்பான் தன் பெட்டிக்குள் ஒவ்வொரு கட்டையாக இறக்கியும் ஏற்றியும் ஒரு சுதி அமைத்தான். மேல் கட்டைகளுக்கு ஒரு கணக்கு, கீழ்க் கட்டைகளுக்கு இன்னொரு கணக்கு. பார்த்தால் எல்லா ஆர்கனிலும் இருக்கிற அதே வெள்ளையும் கறுப்பும்தான், அழுத்தினால் எங்கள் ஊர் வெண்கலம் பேசும். யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதென்று பெட்டியின் சின்னத் திரை மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டான். வாசிக்கும்போது பின்னால் வேறு ஆர்கன்காரன் எவனாவது வந்து நின்றால், கையை நிறுத்திவிட்டு, "பந்தியில இடம் கிடைக்கலையா தம்பி, இங்க வந்து நிக்கிற?" என்று மைக்கிலேயே கேட்பான்.

கட்டின பெண்டாட்டியும் அவனோடு நிலைக்கவில்லை. சுனெங்சி நல்லவள், என்னோடு தைவானில் இருந்தவள். இப்போது பஸ் நிலையத்தில் வாழைக்காய் பஜ்ஜி போடுகிறாள். "தைவான்லேருந்து போன் பண்ணுவேன் அக்கா. போனைப் பெட்டிகிட்ட வச்சு வாசிச்சுட்டு, 'சுதி சரியா இருக்கா?'ன்னு கேப்பான். 'சாப்டியா, உடம்பு எப்படி இருக்கு'ன்னு ஒரு நாள் கேட்டிருப்பானா? நான் எதுக்கு அவனுக்கு, காதா?" என்பாள். அவள் பஜ்ஜியைச் சாப்பிட அவன் இன்றைக்கும் போகிறான். எண்ணெய் பழசு என்று குறை சொல்லிவிட்டு வருகிறான்.

இனி ரெக்கார்டிங்குக்கு வருகிறேன், வயிற்றெரிச்சல் எல்லாம் அங்கேதான். ஆர்கன்காரர் வாசிப்பதைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாகப் பிடிக்கும். ஒன்று, பெட்டியின் சத்தத்தையே ஒயர் வழியாக வாங்கி ஆடியோவாகப் பதிவது. இன்னொன்று, எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்கிற விவரத்தை மட்டும் பிடிப்பது. இதற்கு மிடி என்று பெயர். மிடியில் சத்தம் கிடையாது. கம்ப்யூட்டர் அந்த விவரத்தைப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பினால் பெட்டி தானே வாசிக்கும். பெட்டி இல்லையென்றால் பாட்டு ஊமை. அதனால் புத்தியுள்ள யாரும் வாசித்து முடித்த கையோடு பெட்டியை மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு வாத்தியமாகச் சத்தத்தையும் பதிந்து வைத்துக்கொள்வார்கள். பெட்டி பழுதாகலாம், ஆளுக்கு ஏதாவது ஆகலாம். எல்லா ஆர்கன்காரர்களிடமும் நான் அதை அன்றைக்கே வாங்கிவிடுவேன். தஸ்பான் மட்டும் தர மாட்டான்.

"மிடி வச்சுக்க. சத்தம் கடைசி நாள்தான். மத்த வேலையெல்லாம் முடியட்டும், மொத்தத்தையும் கேக்கறேன், எனக்குத் திருப்தியா இருந்தா ஓட விடறேன்" என்பான்.

"உன் பெட்டி நடுவுல கெட்டுப்போனா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? கெட்டாலும் என் பெட்டிதானே கெடுது."

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒருதலையாக எழுதினேன் என்று பேச்சு வரக் கூடாது. முன்னொரு காலத்தில் வேறொரு ஊர் ஸ்டூடியோவில் இவன் நம்பி எல்லாச் சத்தத்தையும் ஆடியோவாகக் கொடுத்துவிட்டு வந்தான். அவர்கள் பாடகியின் குரலை எடுத்துவிட்டு, இவன் வாசித்ததை மட்டும் தனியாகப் பிரித்து, பென் டிரைவில் போட்டு விற்றார்கள். ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போனவன், மேடையில் எவனோ கையைச் சும்மா கட்டை மேல் ஆட்டிக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் தன் வாசிப்பே வருவதைக் கேட்டிருக்கிறான். மேடையேறி அடித்தான். போலீஸ் வரைக்கும் போயிற்று. அதிலிருந்து அவன் ஒயரை யாருடைய கம்ப்யூட்டர் பக்கமும் நீட்டுவதில்லை. சூடு கண்ட பூனை. என் ஸ்டூடியோவில் பாடகி கேட்பதற்குக்கூடத் தன் சொந்த மிக்சரைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஹெட்ஃபோனுக்கு மட்டும் கொடுப்பான். தெரியாமல் பதிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பதியலாம் என்றுதான் பார்த்தேன். ஒயரின் மறுமுனையைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு உட்காருகிறவனிடம் என்ன செய்வது.

ஒரு மாம்பழ சீசனில் ஒரு படகுக்காரர் வீட்டுக் கல்யாணம். வஸ்னிதி பாட, இவன் வாசிக்கிறான். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது இவன் கையை எடுத்துவிட்டு, கூட்டம் முழுக்கக் கேட்க மைக்கில் சொன்னான்: "என்னம்மா, முழுங்கின மாங்காய் தொண்டையிலயே நிக்குதா? மேல் சுரம் வர வழி இல்லாம முட்டுது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடில கழுத்தைப் பாரு."

ஊரே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான், சமையல்காரி சிரித்தாள். வஸ்னிதி மிச்சப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். வண்டியில் வரும்போது கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையிலேயே அங்கே ஏதோ இருந்தது.

பக்கத்து நகரமான சிரெபோனில் டாக்டர் தொட்டுப் பார்த்து, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து, சோதித்து, கட்டி கெட்ட கட்டி என்று சொன்னார். அறுத்தே ஆக வேண்டும். குரலுக்கான நரம்பைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருக்கிறது, நரம்பையும் வெட்ட வேண்டியிருக்கலாம், குரலுக்கு நான் பொறுப்பில்லை, தள்ளிப் போடாதீர்கள் என்றார். தஸ்பான் அன்றைக்கு அப்படிச் சொன்னதால்தானே நேரத்துக்குப் போனீர்கள் என்று சிலர் இன்றைக்கும் என்னிடம் சொல்கிறார்கள். அவர்கள் தங்கையை எவனாவது மேடையில் வைத்து அப்படிச் சொல்லட்டும், அப்புறம் வந்து பேசட்டும்.

வஸ்னிதி வீட்டுக்கு வந்ததும் அழவில்லை. "அறுக்கறதுக்கு முன்னாடி பாடிடறேன் அக்கா. எனக்குன்னு ஒரு ஆல்பம். மேடையில பாடினதெல்லாம் காத்துல போச்சு" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. யாரை வாசிக்கக் கூப்பிடுவது என்றபோது அவளே சொன்னாள்: "அந்த நாயைத்தான் கூப்பிடணும். அவன் சுதியிலதான் எனக்குப் பாட வரும்." சிறுவயதிலிருந்து அந்தப் பெட்டியோடு பாடிப் பழகிய தொண்டை அது. வேறு எதிலும் உட்காராது.

வந்தான். வழக்கம்போல மிடி மட்டும் கொடுத்தான். அவன் மிக்சரிலிருந்து வந்த சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அவள் பாடினாள். அந்த நாட்களில் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார்கள். "அந்தம்மாகிட்ட சொல்லு, ரெண்டாவது அடி இழுக்குது" என்பான் அவன், இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு. "இழுக்கறது யாருன்னு கேளு" என்பாள் அவள். ஆனால் பாடியதைக் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. போகப் போகிற குரல் என்று அதற்கே தெரிந்த மாதிரி அவ்வளவு கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்கு நடுவே பாடகி பேர் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டும். படகுக்காரர்களுக்கு வணக்கம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம், இப்படி. பாட்டு நின்று வாத்தியம் தனியாக ஓடுகிற இடத்தில் வாசிக்கிறவன் பேர் வந்தே ஆக வேண்டும். கூலி குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பேர் விட்டுப்போனால் தலைமுறைக்கும் பேச மாட்டார்கள். இந்தப் பேர்களை எல்லாம் கடைசியில், பாட்டு முடிந்தபின், தனியாக உட்கார்ந்து பதிவோம். ஆர்கன்காரன் அப்போது இருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் வஸ்னிதி உட்கார்ந்து பேர் சொன்னாள். படகுகளின் பேரைச் சொன்னாள். மில்காரர் பேரைச் சொன்னாள். பஜ்ஜி போடும் சுனெங்சி பேரைக்கூடச் சொன்னாள். தஸ்பான் பேர் வர வேண்டிய இடம் வந்தது. வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். திரையில் மிடி சத்தமில்லாமல் ஓடி அந்த இடம் முடிந்தது. அடுத்த பாட்டு, அங்கேயும் அப்படியே. ஒரு பாட்டில்கூட அவன் பேர் இல்லை.

"போதும், மூடு" என்றாள். நான் மூடிவிட்டேன். தடுத்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு அன்றைக்குக் குளுகுளு என்று இருந்தது.

அறுவை முடிந்தது. கட்டி போயிற்று, உயிர் தங்கியது, நரம்பும் போயிற்று. வாயைத் திறந்தால் வெறும் காற்றும் அதற்குள் ஒரு கரகரப்பும் வந்தது. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் என்ன சொல்கிறாள் என்று புரியும். நாளாக ஆகக் கொஞ்சம் தெளியும், பாட்டு மட்டும் இனி இல்லை என்றார்கள்.

அவள் வீட்டில் கிடக்கும்போது தஸ்பான் கடைசி நாள் வேலைக்கு வந்தான். பெட்டியை இறக்கி, ஒயர் எல்லாம் பிரித்து வைத்தான். முதலில் மொத்தத்தையும் கேட்கணும் என்றான். குரலையும் வணக்கங்களையும் ஓடவிட்டேன், மிடி அவன் பெட்டியை வாசிக்க வைத்தது. கண்ணை மூடிக் கேட்டான். முதல் பாட்டின் இடைவெளி வந்தபோது கண்ணைத் திறந்தான். இரண்டாவதிலும் பார்த்தான். மூன்றாவதில் கையை நீட்டிப் பெட்டியை அணைத்தான்.

"பஜ்ஜிக்காரி பேரு இருக்கு" என்றான். ஒயரைச் சுற்றினான், போர்வையைப் போர்த்தினான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என் கம்ப்யூட்டரில் தங்கையின் குரலும் சத்தமில்லாத மிடியும் மிச்சம்.

இவன் இல்லாவிட்டால் என்ன, ஊரில் வேறு பெட்டியே இல்லையா என்று ஜாஹிதினைக் கூப்பிட்டேன். ஜாஹிதின் சின்னப் பையன், ஆனால் நல்ல ஆர்கன்காரன், கம்ப்யூட்டரும் தெரியும். அவன் புதுப் பெட்டிக்கு மிடியை அனுப்பினேன். வாசித்தது. அதே விரல், அதே தாளம். குரலைச் சேர்த்துப் போட்டேன். குரல் ஒரு பக்கம் போகிறது, வாத்தியம் ஒரு பக்கம் போகிறது. வஸ்னிதி சுதி தப்பிப் பாடுகிற மாதிரி இருந்தது. ஜாஹிதின் காதால் கேட்டுக் கேட்டுக் கட்டைகளை இறக்கிப் பார்த்தான். கீழே சரியானால் மேலே போயிற்று, மேலே சரியானால் நடுவில் போயிற்று. "இதுல எல்லாக் கட்டைக்கும் தனித்தனியா மாத்த வழியே இல்லக்கா. அந்த ஆளு எப்படித்தான் பண்ணானோ" என்று கையை விரித்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் தஸ்பான் வீட்டுக்குப் போனேன். கருவாடு காயப் போடுகிற பரண்களுக்குப் பின்னால் வீடு. உட்கார்ந்து மீன்தலைக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உட்கார் என்று சொல்லவில்லை.

"எதுக்கு வந்திருக்க?"

"உனக்கே தெரியும்."

"தெரியாது. நீ சொல்லு, நான் கேக்கறேன்."

"பெட்டியைக் கொண்டா தஸ்பான். சத்தத்தைப் பதிஞ்சுக்கறேன். அவ பாடினது அத்தனையும் வீணாப் போகுது."

"என் பேரு எங்க?"

"அவளுக்குக் குரலே போச்சுய்யா. வெறும் காத்துதான் வருது. எப்படிச் சொல்லுவா?"

"சொல்ல வேண்டிய அன்னிக்குக் குரல் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. கல்யாண வீட்ல நீ சொன்ன சொல்லுக்கு உன் பேரு எப்படி வரும் அவ வாயில?"

"நான் சொன்னதுல என்ன பொய்? மாங்காய் இருந்துச்சா, இல்லையா?"

குழம்புச் சட்டியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. அவன் மீன் கண்ணை உறிஞ்சிவிட்டு எலும்பைத் தட்டோரத்தில் வைத்தான்.

"சத்தத்தை ஒருத்தன் திருடினான். ஊரெல்லாம் போட்டு விக்கறான், இன்னும் விக்கறான். யார் வாசிச்சதுன்னு எவனுக்கும் தெரியாது. பாடினவ பேரு அட்டையில வருது, படம் வருது. எனக்கு அந்த நடுவுல ஒரு மூச்சு நேரம்தான். தஸ்பான்னு ஒரு சத்தம். அதையும் வாயில வச்சு முழுங்கிட்டீங்க அக்காளும் தங்கச்சியும். என் பேரு அவ்வளவு அசிங்கமா?" என்றான். தட்டைத் தள்ளிவைத்தான். "காத்து வருதுன்னியே. காத்துலயே சொல்லட்டும். எனக்குக் குரல் வேணாம், பேரு வேணும். அவளே மைக் முன்னாடி உக்காந்து சொல்லணும். போ."

வீட்டுக்கு வந்து வஸ்னிதியிடம் சொன்னேன். முடியாது என்று தலையை ஆட்டினாள். காதைக் கொடுத்தேன். "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றாள். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் இவள், நடுவில் நான் மத்தளம்.

அப்போதுதான் ஜாஹிதின் ஒரு யோசனை சொன்னான். "பெட்டியைக் குரலுக்கு மாத்த முடியலன்னா, குரலைப் பெட்டிக்கு மாத்திடலாம்க்கா. சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு சுரமா இழுத்து நேரா வச்சுடலாம்." எனக்கு மனசில்லை. ஆனால் வேறு கதியும் இல்லை. உட்கார்ந்து இழுத்தான். அவள் வளைத்த இடத்தை எல்லாம் நிமிர்த்தினான், சறுக்கின இடத்தை எல்லாம் படிக்கட்டாக்கினான். முடித்ததும் வஸ்னிதியைக் கூட்டிவந்து ஹெட்ஃபோனை மாட்டினேன்.

கொஞ்ச நேரம் கேட்டாள். ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேஜையில் எறிந்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதருகே வந்தாள்.

"யாருடி இவ?" என்றாள்.

"நீதான். கொஞ்சம் சரி பண்ணியிருக்கோம்."

"ஏதோ ஹோட்டல் வாசல்ல நின்னு கும்புடறவ மாதிரி இருக்கா. இதை வெளிய விட்டே, உன்னைக் கொன்னுடுவேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. பாவம் ஜாஹிதின், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனையும் ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி என் காதுக்கு வந்தாள். "பழைய மாதிரி போட்டா சுதி தப்பினவன்னு சொல்லுவாங்க. இப்படிப் போட்டா நானே இல்ல. அந்த நாயை வரச் சொல்லு."

மறுநாள் காலையிலேயே தஸ்பான் மூன்று சக்கர வண்டியில் பெட்டியோடு வந்தான். ஆனால் இறக்கவில்லை. வண்டிக்காரனை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்து நின்றான். வஸ்னிதி கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான். நான் மைக்கை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன். அவள் மூச்சுவிடுவதே மரம் அறுக்கிற மாதிரி கேட்டது. சொல் என்று கையைக் காட்டினேன்.

"டேய் தஸ்பான்" என்றாள். இருக்கிற காற்றை எல்லாம் திரட்டிச் சொன்னாள். "நாசமாப் போடா. உன் வாய் அழுகட்டும். உன் பெட்டி உப்புத் தண்ணியில விழுந்து துருப்பிடிக்கட்டும். தஸ்பான், நீ உருப்படவே மாட்ட."

சொல்லிவிட்டு இருமினாள். நான் பதிவை நிறுத்தினேன். அவன் மூஞ்சியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. போச்சு, இனி ஜென்மத்துக்கும் வர மாட்டான் என்று நினைத்தேன்.

"பேரு தெளிவா விழுந்துச்சா?" என்று என்னிடம் கேட்டான்.

"விழுந்துச்சு. ரெண்டு தடவை."

"ஒரு எழுத்து வெட்டக் கூடாது. முதல் பாட்டுக்கு முன்னாடியே போடு." சொல்லிவிட்டு வெளியே போய்ப் பெட்டியை இறக்கினான்.

அந்த வசவு இன்றைக்கும் ஆல்பத்தின் தலையில் அப்படியேதான் இருக்கிறது. படகுகளில் போடும்போது பசங்கள் கூடச் சேர்ந்து கத்துகிறார்கள். மேடையில் அவன் வந்து உட்கார்ந்தால் கூட்டமே அதைச் சொல்லித்தான் வரவேற்கிறது. அவன் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறான். வெட்கம் மானம் பார்க்கிற ஆள் இல்லை.

அன்றைக்கு அவன் பெட்டியை உள்ளே கொண்டுவந்ததும் மைக்கைக் கழற்றி உறையில் போட்டேன். அவன் தன் கையால் ஒயரை என் பக்கம் கொண்டுவந்து செருகினான். முதல் பாட்டில் அடிச் சத்தமான பேஸை ஓடவிட்டுப் பதிந்தேன், பிறகு குழல் சத்தத்தை. கட்டைகளைக் கம்ப்யூட்டர் அனுப்பும் மிடி பார்த்துக்கொள்ளும். அவன் வேலை, பெட்டியின் குமிழ்களைத் திருகி எங்கே சத்தம் மங்க வேண்டும், எங்கே மலர வேண்டும் என்று பார்ப்பது. வஸ்னிதி போகாமல் அவனுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக வெண்கலம் வந்தது. அவள் குரல் அதன் மேல் போய் உட்கார்ந்தது. எங்கும் இடறவில்லை. அவள் பாடினபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

வஸ்னிதி அழ ஆரம்பித்தாள். அறுத்த தொண்டையிலிருந்து வருகிற அழுகை, கேட்கவே சகிக்கவில்லை. பஞ்சரான டயரில் காற்று போகிற மாதிரி நின்று நின்று வந்தது.

"சத்தம் போடாதே" என்றான் தஸ்பான், திரும்பாமல். "ரெக்கார்டிங்ல விழும்."

எதில் விழும்? மைக் உறைக்குள் கிடக்கிறது. சத்தம் பெட்டியிலிருந்து ஒயர் வழியாக நேராகக் கம்ப்யூட்டருக்குள் போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நெல் மில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவே விழாது. இது எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து சொல்லப் போனேன். சத்தம் மலர வேண்டிய இடம் வந்தும் அவன் குமிழைத் திருகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை மறுபடி பதிய வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

வஸ்னிதி துணி முனையால் மூக்கைத் துடைத்தாள். என் கையைத் தட்டிக் கிட்டே கூப்பிட்டாள். அவனுக்கும் கேட்கட்டும் என்று, இருக்கிற காற்றை எல்லாம் போட்டுச் சொன்னாள்:

"என் குரலை ஏத்து. இவன் பெட்டி என்னை அமுக்குது."

நான் கொஞ்சம் ஏற்றினேன்.

"இன்னும் ஏத்து" என்றான் தஸ்பான், அப்போதும் திரும்பாமல்.